ஒருபொழுதும் ஒரு கரண்டிப் பொடியும்

அத்தியாயம் 17

மீனாக்ஷியை வீட்டு வாசலில், ஒரு காலில் மட்டும் செருப்போடு நிறுத்திவிட்டுப் போன வாரம் நாம் கிளம்பிவிட்டோம். வாசகர்கள் கோபித்துக்கொள்ளலாம். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நிற்கச் சொன்னால் நிற்பாள், நடக்கச் சொன்னால் நடப்பாள். இந்த எட்டு வாரமாக டாக்டர்கள் நடக்கத்தான் சொல்லியிருந்தார்கள்.

தினமும் கூவப்பாடத்து வீட்டிலிருந்து கிளம்பி, மட்டாஞ்சேரி பஜார் வழியாகப் படகுத்துறை வரை போய், அதே வழியாகத் திரும்பி வருவாள். முப்பது வருஷமாக அந்தத் தெருக்களில் பையில்லாமல் அவள் போனதே இல்லை. கறிகாய், பால், கோயில், ரேஷன் என்று ஏதாவது ஒரு காரணம் கையில் தொங்கும். இப்போது வெறுங்கையை வீசிக்கொண்டு நடக்கும்போது, கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே முதலில் அவளுக்குத் தெரியவில்லை. சுக்கு குடோன் வாசலில் மூட்டை இறக்குகிற சேட்டன்மார் நின்று பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

கதையை இடையில் பிடித்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. மீனாக்ஷியின் கணவர் விஸ்வநாத் அதே பஜாரில் மிளகுக்கும் சுக்குக்கும் தரகு பேசியவர். ஒரு சொட்டுச் சாராயம் நாக்கில் பட்டதில்லை. ஆனாலும் அவருடைய ஈரல் கெட்டுப்போயிற்று. வருஷக்கணக்காகக் கொழுப்பு படிந்து, தடித்து, கடைசியில் சுருங்கிவிட்டது. குடிக்காமலே இப்படி வருமா என்று தெருவில் பாதிப்பேர் நம்பவில்லை. மீனாக்ஷியிடமே ஒருத்தி, ராத்திரியில் ஒளித்து வைத்துக் குடிப்பாரோ என்று கேட்டாள். அன்றைக்கு அவள் அழுத அழுகை நாம் முன்பே பார்த்ததுதான்.

இனி மாற்று ஈரல்தான் வழி என்றார்கள் எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரியில். உயிரோடு இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் தன் ஈரலில் ஒரு பகுதியைத் தரலாம், மிச்சம் உள்ளேயே வளர்ந்துவிடும் என்றார்கள். அந்த வார்த்தை முடியுமுன் மீனாக்ஷி தன்னைக் காட்டிவிட்டாள். ரத்தமும் சேர்ந்தது. ஸ்கேன் மட்டும் சேரவில்லை. அவளுடைய ஈரலிலும் கொழுப்பு இருந்தது. ஒரே அடுப்பில் வெந்ததைத்தானே இருவரும் முப்பது வருஷம் சாப்பிட்டார்கள்.

"கொழுப்பைக் குறைச்சுண்டு வாங்கோ, எட்டு வாரம் கழிச்சுப் பார்க்கலாம்" என்று அனுப்பினார்கள். அந்த எட்டாவது வாரம் இன்றைக்கு முடிகிறது.

செருப்பை விட்டுவிட்டு அவள் மறுபடி உள்ளே போனாள்.

விஸ்வநாத் முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். கைகால் எல்லாம் குச்சியாகி, வயிறு மட்டும் நீர் கோத்துப் பெருத்திருந்தது. கண்ணின் வெள்ளை நல்ல மஞ்சளாகிவிட்டது. அந்தக் கண்ணை நேராகப் பார்க்காமல் பேச மீனாக்ஷி கற்றுக்கொண்டிருந்தாள்.

"பொடி கரைச்சு மேஜை மேல வெச்சிருக்கேன். ஆறி அவலாகறதுக்குள்ள குடிச்சுடணும், கேட்டேளா?"

"குடிக்கறேன். நீ உன்னோடதைக் குடிச்சயோ?"

"ஆச்சு."

"கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேருக்கும் பாலும் பழமும் குடுத்தா. இப்போ ரெண்டு பேருக்கும் பொடி" என்றார். சிரிக்க முயன்று இருமினார்.

அவருடைய பொடி ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தது. சதை கரையாமல் இருக்க என்று சொல்லியிருந்தார்கள். அவளுடையது மகன் சாய்கிருஷ்ணா வாங்கி வந்தது. தோப்பும்படியில் ஜிம் வைத்திருக்கிற ரமேஷ்பாபு அவனுக்குக் கூடப்படித்தவன். அமினோ ஆசிட்டாம். உடற்பயிற்சியும் செய்துகொண்டு இதையும் குடித்தால் கொழுப்பு தானாக உருகிப் போகும் என்று ரமேஷ்பாபு சொன்னான். அவன் வயிற்றைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

இரண்டு டப்பாவின் மேலும் கிட்டத்தட்ட ஒரே பெயர் இருந்தது. அவருக்கு ஆகும் மருந்து தனக்கும் ஆகும் என்று மீனாக்ஷி எண்ணிக்கொண்டாள். நீலமூடி டப்பாவைச் சாமி அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்திருந்தாள். ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் கலக்கி, கிழக்கே பார்த்து நின்று, தீர்த்தம் மாதிரி குடிப்பாள். எலுமிச்சை மிட்டாய் வாசனை அடிக்கும்.

"மீனு, செத்த இரு" என்றார் விஸ்வநாத். "ஸ்கேன்ல சரியாகலைன்னாப் போகட்டும், சாரமில்லை. விஷமிக்காம, வருத்தப்படாம வா. இருக்கற வரைக்கும் ரெண்டு பேருமா இருப்போம். ஆனா சாயியோட பேரை மட்டும் அங்க யாரும் எடுக்கப்படாது. அவன் வயத்தைக் கீறி எனக்கு ஆயுசு வேண்டாம்."

"எல்லாம் ஆகும். பேசாம இருங்கோ."

அவள் அதை ஒப்புக்குச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பினாள். ரவிக்கையெல்லாம் இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று. கைவளை முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. இதற்கெல்லாம் காரணம் நடையும் பொடியும் மட்டும் இல்லை. மூன்றாவதாக ஒன்று இருந்தது. அது யாருக்கும் தெரியாது.

டாக்டர் குறைக்கச் சொன்ன அன்று சாயங்காலம் அவள் சிவன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டுவிட்டாள். கத்தி தன் மேல் படுகிற நாள் வரைக்கும் ஒருபொழுது. மத்தியானம் ஒரு பிடி சாதம், ரசம். பருப்பில்லை, தயிரில்லை, ராத்திரி ஒன்றுமில்லை. மற்ற நேரமெல்லாம் பொடித் தண்ணீர்தான்.

ஆஸ்பத்திரியில் இப்படிச் சொல்லவே இல்லை. பருப்பு சாப்பிடு, பயறு சாப்பிடு, மோர் குடி, அரிசியையும் எண்ணெயையும் சர்க்கரையையும் குறை என்றுதான் சொன்னார்கள். ஆனால் ஒருத்தருக்காக இன்னொருத்தர் வாயைக் கட்டுவது என்றால் மீனாக்ஷிக்கு அது விரதம்தான். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் அவள் பார்த்தது அதுதான். குறைத்துக்கொள் என்று டாக்டர் சொன்னதை அவள் தனக்குத் தெரிந்த பாஷையில் கேட்டுக்கொண்டாள்.

நேர்ந்துகொண்டதை வெளியில் சொன்னால் பலன் போய்விடும். ஆகவே வாரா வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்து என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது, கூசாமல் பருப்பு, பயறு, மோர் என்று ஒப்பித்தாள். மகனிடம் அப்பாவோடு சாப்பிட்டாயிற்று என்பாள், கணவரிடம் சாயியோடு சாப்பிட்டாயிற்று என்பாள். ஆண்கள் இரண்டு பேர் இருக்கிற வீட்டில் அடுக்களையில் நடப்பதை யார் எட்டிப் பார்க்கிறார்கள்.

*

ஆஸ்பத்திரியில் எடை பார்த்த நர்ஸ் வாயைப் பிளந்தாள்.

"அடிபொளி சேச்சி. எங்கனெ செய்து?" என்று மலையாளத்தில் மெச்சி, எப்படி இளைத்தீர்கள் என்று கேட்டாள். கூட நின்ற சாயி அம்மாவின் தோளைத் தட்டிக் கொடுத்தான். பரீட்சையில் முதலாவதாக வந்த சின்னப் பெண் போல மீனாக்ஷிக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு பலம் பார்க்க ஒரு கைப்பிடியைக் கொடுத்து, முடிந்த மட்டும் அமுக்கச் சொன்னார்கள். அமுக்கினாள். முள் கொஞ்சம் அசைந்து அங்கேயே நின்றுவிட்டது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னார்கள். மூன்றாவது தடவை தொடை நடுங்கிச் சாயியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

ஸ்கேன் முடிந்து காத்திருந்தபோது சாயி தோசை வாங்கி வரட்டுமா என்று கேட்டான். பசியில்லை என்றாள். பசி அவளை விட்டுப் போய் வெகு நாளாகிவிட்டது.

டாக்டர் ஸாதனா பாலக்காட்டுப் பெண். சாயியைவிடப் பத்துப் பன்னிரண்டு வயதுதான் மூத்தவளாக இருப்பாள். மீனாக்ஷியை மாமி என்றுதான் கூப்பிடுவாள். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிட்டாள், ஆனால் உட்காரச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமி, வெயிட் ஒரு பாடு கொறைஞ்சிருக்கு."

"பகவான் புண்ணியம்."

"ஆனா கொறைய வேண்டியது கொறையலை. லிவர்ல இருந்த கொழுப்பு கொஞ்சம்தான் இறங்கியிருக்கு. நாங்க கேட்ட அளவுக்கு வரலை. போனது பாதிக்கு மேல சதையாக்கும். ரத்தத்துலயும் சத்து இல்லை. நீங்க நிஜமா என்ன சாப்பிட்டேள்? போன்ல சொன்னது வேண்டாம்."

மீனாக்ஷி மகனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ செத்த வெளில இரேன்."

"இல்லைம்மா. நான் இருக்கேன்."

"ஒருபொழுது" என்றாள் மீனாக்ஷி. குரல் எழும்பவில்லை. மறுபடியும் சொன்னாள். "ஒருபொழுது இருந்தேன். இவருக்காக நேர்ந்துண்டேன்."

டாக்டர் ஸாதனா பேனாவை மேஜையில் வைத்தாள். அவள் வீட்டிலும் விரதம் இருக்கிறவர்கள் உண்டு. திட்டத் தோன்றியிருந்தாலும் திட்டவில்லை.

"பட்டினி கிடந்தா உடம்பு சும்மா இருக்காது மாமி. மத்த இடத்துக் கொழுப்பை எல்லாம் எடுத்து லிவருக்குத்தான் அனுப்பும். வெயிட் பார்த்தாக் கொறைஞ்ச மாதிரி இருக்கும், லிவர் மாத்திரம் மாறாது. நீங்க மெள்ள மெள்ள, சாப்பிட்டுண்டே கொறைச்சிருக்கணும்."

"தினமும் நடந்தேனே. பொடியும் குடிச்சேன்."

"என்ன பொடி?"

"நான்தான் டாக்டர் வாங்கிக் குடுத்தேன்" என்றான் சாயி. போனில் டப்பாவின் படத்தை எடுத்துக் காட்டினான். அவன் காது மடல் சிவந்திருந்தது. "எக்ஸர்சைஸும் இதுவும் சேர்ந்தாக் கொழுப்பு போகும்னு ஜிம்ல சொன்னான். அப்பாவுக்கும் இதே மாதிரிதானே எழுதிக் குடுத்திருக்கேள். நல்லதுன்னு நினைச்சுட்டேன்."

"அப்பாவுக்கு எழுதினது சதையைப் பிடிச்சு வைக்க. கொழுப்பைக் கரைக்க இல்லை. அமினோ ஆசிட் குடிச்சுண்டு எக்ஸர்சைஸ் பண்ணினாக் கொழுப்பு ஜாஸ்தி கொறையுமானு நிறைய பேர் சோதிச்சுப் பார்த்திருக்கா. சிலதுல துளிக் கொறைஞ்சதுனு வந்தது, சிலதுல ஒண்ணும் இல்லை. நடையில கிடைக்கறதுக்கு மேல பொடி பெரிசா எதுவும் பண்ணித்துன்னு உறுதியாச் சொல்ல என்னால முடியாது. நன்னாச் சாப்பிடறவாளுக்கு அது சதைக்குக் கொஞ்சம் உதவலாம். சாப்பாடே இல்லாத உடம்புல அதையும் விறகா எரிச்சுடும். அவ்வளவுதான். நீ விஷம் ஒண்ணும் குடுத்துடலை."

சாயி தலையைக் குனிந்துகொண்டான். டாக்டர் கடைசியாகச் சொன்னது அவன் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நாளையிலேர்ந்து சொன்னதெல்லாம் சாப்பிடறேன்" என்றாள் மீனாக்ஷி. "பருப்பு, பயறு, எல்லாம். ரெண்டு வாரம் குடுங்கோ. இல்லை, மூணு வாரம்."

"மாமிக்கு இன்னும் ரெண்டு மாசமாவது வேணும். ஸாருக்கு அவ்வளவு நாள் இல்லை. போன வாரத்து ரத்தம் அப்படிச் சொல்றது. உங்களை இப்படியே மேஜைல ஏத்தினா உங்களுக்கும் ஆபத்து, அவருக்கும் பிரயோஜனப்படாது."

மீனாக்ஷிக்கு அழுகை வரவில்லை. எட்டு வாரம் ஒவ்வொரு ராத்திரியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது ஞாபகம் வந்தது. ஒவ்வொரு வலிக்கும் அவருக்கு ஒரு நாள் கூடுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள். கூடவில்லை. அவருக்கு இருந்த நாளையும் தானே தின்று தீர்த்துவிட்டோம் என்று தோன்றியது. யார் மேலும் பழி போட முடியாத துக்கம் அது. பழி போட ஓர் ஆள் கிடைத்தாலாவது கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

டாக்டர் ஸாதனா இப்போது அவளைப் பார்க்கவில்லை. சாயியைப் பார்த்தாள். சாயியும் டாக்டரைப் பார்த்தான். அந்தப் பார்வையில் ஏற்கெனவே பேசி முடித்த ஏதோ ஒன்று இருந்தது.

"என்னடா?" என்றாள் மீனாக்ஷி.

"நான் டெஸ்ட் எல்லாம் பண்ணியாச்சும்மா."

"எப்போ?"

"ஆபீஸ் விஷயமா எறணாகுளம் போறேன்னு சொல்லிட்டு வந்தேனே, அன்னிக்கு."

"இவனோடது நன்னா இருக்கு மாமி" என்றாள் டாக்டர். "கொழுப்பே இல்லை. அளவும் சரியா இருக்கு. சின்ன வயசு."

எந்தத் தாயும் மகிழ்ந்து போக வேண்டிய வார்த்தைகள். மீனாக்ஷிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த வாரமே பண்ணலாம்" என்றாள் டாக்டர். "ஆனா வெள்ளிக்கிழமை கமிட்டி இருக்கு. குடுக்கறவாளையும் வாங்கிக்கறவாளையும் கூப்பிட்டுக் கேட்பா. யார் தரா, மனசாரத் தராளா, வாங்கிக்க சம்மதமா, எல்லாத்தையும் ரெண்டு பேரும் தங்கள் வாயாலயே சொல்லணும். ஸாரோட சம்மதம் இல்லாம எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

*

ஹைகோர்ட் துறையில் படகு ஏறினார்கள். உச்சி வெயில். வல்லார்பாடம் துறைமுகத்துக் கிரேன்கள் பெரிய பெரிய பெட்டிகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தன. கண்ணாடி ஓரத்தில் உட்கார்ந்து மீனாக்ஷி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயி வழியில் ஒரு பொட்டலம் கடலை வாங்கியிருந்தான். பிரித்து அவள் மடியில் வைத்தான்.

"சாப்பிடும்மா."

"கத்தி படற நாள் வரைக்கும்னு நேர்ந்துண்டது. இன்னும் முடியலை."

"கத்தி படற வரைக்கும்னுதானே நேர்ந்துண்டாய்? உன் மேல கத்தி படப்போறதில்லை. அப்போ ஆயுசு பூரா ஒருபொழுதா?"

அவன் ஒரு கடலையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினான். அதை வாயில் போட்டுக்கொண்டாள். மென்று விழுங்க மறந்துவிட்டாள்.

"வேண்டாம்டா" என்றாள் கொஞ்சம் கழித்து. "ரெண்டு பேரையும் ஒரே நாள்ல உள்ள அனுப்பிட்டு நான் வெளில பெஞ்சில உக்காந்திருக்கணுமா? எந்தக் கதவைப் பார்த்துண்டு உக்காருவேன், சொல்லு."

"நீ உள்ள போயிருந்தா நானும் அப்படித்தான் உக்காந்திருப்பேன்."

"அது வேற."

"என்ன வேற? நீ அப்பாவுக்காகப் பட்டினி கிடக்கலாம், நடக்கலாம், மயங்கி விழலாம். நான் மயக்க மருந்துல தூங்கிண்டு படுத்திருக்கக் கூடப் படாதா? நான் என்ன, இந்தாத்துல பேயிங் கெஸ்டா?"

பெங்களூர் கம்பெனி வேலையை இரண்டு மாதமாக வீட்டிலிருந்தே பார்க்கிறான். ராத்திரி அப்பாவைத் திருப்பிப் படுக்க வைப்பதும், கால் வீக்கத்துக்குத் தலையணை வைப்பதும் அவன்தான். இதையெல்லாம் அவள் பார்க்காதவள் இல்லை. பார்த்ததையெல்லாம் மகன் என்ற கணக்கில் வைத்துவிட்டாள். வளர்ந்த ஓர் ஆண்பிள்ளை தானாகத் தீர்மானித்துச் செய்வதாக அவளுக்குத் தோன்றவே இல்லை.

"எனக்குப் பேடியா இருக்குடா" என்றாள். மனசில் இருந்தது அந்தப் பயம் ஒன்றுதான்.

"எனக்கும்தான்" என்றான் சாயி.

அவன் அப்படிச் சொன்னது அவளுக்குச் சமாதானமாக இருந்தது. பயமே இல்லை என்று அவன் பீற்றிக்கொண்டிருந்தால் கடைசி வரைக்கும் சம்மதித்திருக்க மாட்டாள்.

"அப்பா ஒத்துக்கமாட்டார்" என்றாள்.

"நான் பேசறேன். நீ வாயைத் திறக்க வேண்டாம். போன உடனே இல்லை, சாயங்காலம் சாயா குடிக்கற சமயத்துல மெள்ள ஆரம்பிக்கறேன். சண்டை போட்டாப் போடட்டும்."

படகு மட்டாஞ்சேரிப் பக்கம் திரும்பிற்று. இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். நல்ல முடிவுதான். நிஜத்தைச் சொல்வது, மெள்ளச் சொல்வது, மகன் சொல்வது. இந்த மாதிரி நல்ல முடிவெல்லாம் படகை விட்டு இறங்கும் வரைக்கும்தான் உறுதியாக இருக்கும் என்று நமக்குத் தெரியும். பாவம், அவர்களுக்குத் தெரியவில்லை.

*

வீட்டு வாசல் திறந்திருந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு விஸ்வநாத் உட்கார்ந்திருந்தார்.

மீனாக்ஷிக்குத் திக்கென்றது. பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் அவர் கட்டிலை விட்டு இறங்கி மாதம் ஒன்றாகிறது. சுவரைப் பிடித்தே வந்திருக்க வேண்டும். முகத்தை மழித்துக்கொண்டிருந்தார். தாடையில் இரண்டு இடத்தில் வெட்டி ரத்தம் கட்டியிருந்தது. வெளுத்த வேஷ்டி, விபூதி. பஜாருக்குக் கிளம்புகிற பழைய விஸ்வநாத் மாதிரி இருக்க மனுஷன் என்ன பாடுபட்டிருக்கிறார் என்று அந்த வெட்டுகளைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். முப்பது வருஷமாக எதிரே உட்கார்ந்திருக்கிற வியாபாரியின் முகத்தைப் பார்த்தே விலை படியுமா படியாதா என்று சொல்லிவிடுகிறவர்.

"ஆகலை. இல்லையா?" என்றார்.

மீனாக்ஷி வாயைத் திறக்கவில்லை. சாயி, "முதல்ல உள்ள வந்து படுத்துக்கோங்கோப்பா" என்றான்.

"சாரமில்லை மீனு. நான் அப்பவே சொன்னேனே. உக்காரு, வெயில்ல வந்திருக்காய்." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இனி இந்த ஆஸ்பத்திரி, ஊசி எல்லாம் மதி, போரும். அந்தப் பொடியும் மதி. இன்னிக்குக் காலம்பற வெச்சுட்டுப் போனாயே, அதை நான் குடிக்கலை. நீ பாஸாயிட்டு வந்தாக் குடிக்கலாம்னு வெச்சிருந்தேன். இப்போ எதுக்கு?"

சாயி அவர் பக்கத்தில் குந்தினான். "அப்பா, நான் ஒண்ணு சொல்லணும்."

"நீ என்ன சொல்லப்போறாய்னு எனக்குத் தெரியும். சொல்லாதே. அந்தப் பேச்சு எடுத்தா நாளைலேர்ந்து ஒரு மாத்திரை கூட வாய்ல போட மாட்டேன். சத்தியமா."

அவர் சத்தியம் செய்து மீனாக்ஷி கேட்டதில்லை. பஜாரில் எத்தனையோ பேர் எதை எதையோ தொட்டுச் சத்தியம் செய்வார்கள். இவர் வெறும் வார்த்தையிலேயே வியாபாரம் செய்தவர். அதனால்தான் இது நடக்கும் என்று அவளுக்கு உறைத்தது. இந்த மனுஷன் நாளையிலிருந்து மருந்தை நிறுத்துவார். சாயி சாயங்காலம் மெள்ளப் பேசலாம், நாளைக்கும் பேசலாம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே போய்விடுவார்.

"யார் சொன்னா ஆகலைன்னு?" என்றாள் மீனாக்ஷி.

சாயி நிமிர்ந்து பார்த்தான்.

"எல்லாம் ஆயாச்சு. கொழுப்பு போயாச்சு. என்னோடதை எடுத்துக்கலாம்னு டாக்டர் சொல்லியாச்சு. வெயில்ல வந்தது தலை சுத்தறது, அதான் முகம் இப்படி இருக்கு. அடுத்த வாரமே ஆபரேஷன்."

எட்டு வாரம் கூசாமல் பொய் சொல்லிப் பழகிய வாய். தடங்கல் இல்லாமல் வந்தது.

விஸ்வநாத் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகனைப் பார்த்தார். "நிஜமாடா?"

மீனாக்ஷி மகனைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள்.

"ஆமாம்ப்பா" என்றான் சாயி.

விஸ்வநாத் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிற்று. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததில்லை. சாகத் தயார் என்று காலையில் அவ்வளவு தைரியமாகப் பேசியவருக்கு வாழ எவ்வளவு ஆசை இருந்திருக்கிறது என்று இப்போதுதான் தெரிந்தது. மீனாக்ஷி அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

அழுது ஓய்ந்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. நிறுத்தவே முடியவில்லை. காலையில் வைத்த பொடியைக் கொண்டுவரச் சொல்லி, ஒரே மடக்கில் குடித்தார். சாயியின் முதுகில் தட்டினார்.

"நீ நாளைக்கே பெங்களூருக்கு டிக்கெட் போடு. ரெண்டு மாசமா இங்க உக்காந்து என் காலைப் பிடிச்சது போரும். வேலையைப் பாரு. ஆபரேஷன் முடிஞ்சப்புறம் வந்தா மதி."

"சரிப்பா."

"கமிட்டின்னு ஒண்ணு இருக்காமே. அன்னிக்கு அந்த டாக்டர் பொண்ணு சொன்னா. எப்போ?"

"வெள்ளிக்கிழமை."

"என் கிட்டயும் கேட்பாளோ? யார் தரானு?"

"கேட்பா" என்றான் சாயி.

"கேட்கட்டும். என் பெண்டாட்டி தரானு நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன்."

அவர் மீனாக்ஷியின் புடவைத் தலைப்பை விலக்காமல், அதன் மேலேயே வலப்பக்க விலாவுக்குக் கீழே விரலை வைத்தார். குழந்தையைத் தொடுகிற மாதிரி மெள்ள வைத்தார்.

"இங்கதானே வெட்டுவா?"

அவள் தலையாட்டினாள்.

"ரொம்ப வலிக்குமோ?"

அவள் அவர் விரலை விலாவோடு அழுத்திக்கொண்டாள்.

"ரொம்ப வலிக்காதுப்பா" என்றான் சாயி. "ரெண்டு மூணு நாள்தான். அப்புறம் எழுந்து நடக்கலாம்னு சொன்னா."

விஸ்வநாத் சிரித்தார். மாதக்கணக்கில் கேட்காத சிரிப்பு.

"உனக்கு என்னடா தெரியும்?" என்றார். "வெட்டுப் படப்போறது அவளாக்கும்."